யாருடைய பீரியட்? ஓமந்தூரார் அரசினர் தோட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

அத்தைக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று திண்டிவனத்து டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டில் "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி" என்று இருந்தது. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் பிடித்து மேலே வந்து, நான்கு எட்டு வைப்பதும் நிற்பதுமாக வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அத்தை அந்த வட்டக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இது சட்டசபைக்குன்னு கட்டினதுதானே தம்பி? டிவியில எல்லாம் காட்டினாங்களே?"

நான் வாய் திறப்பதற்குள் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் பதில் சொல்லிவிட்டார். "கலைஞர் பீரியட்ல சட்டசபையா கட்டினாங்கம்மா. அம்மா பீரியட்ல ஆஸ்பத்திரி ஆயிடுச்சு. நீங்க உட்காருங்க."

சென்னையில் இது சர்வசாதாரணமான பேச்சு. மேம்பாலம், குடிநீர்க் குழாய், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று எதைக் கேட்டாலும் வருடம் சொல்ல மாட்டார்கள். யார் பீரியட் என்றுதான் சொல்வார்கள். அடுத்த ஒன்பது நாள் அந்த வளாகத்திலேயே கிடந்தேன். பகலில் மருந்துச் சீட்டும் வரிசையும், இரவில் வெளியே நாற்காலியில் தூக்கம். அந்த ஊழியரின் வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. ஒரு தலைவரின் பதவிக்காலம் என்று எதைச் சொல்கிறோம்? பதவியேற்ற நாளுக்கும் விலகிய நாளுக்கும் நடுவில் இருப்பதுதானா? அரசாங்கப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும். இந்தத் தோட்டத்தில் நடந்ததை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு போதவில்லை.

பேரவை அலைந்த கதை

அண்ணா சாலையும் வாலாஜா சாலையும் தொடும் இந்த இடம் ஒரு காலத்தில் கவர்னர் மாளிகை இருந்த தோட்டம். ராஜாஜி மண்டபம் 1802-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்ததை வெள்ளைக்காரர்கள் கொண்டாடுவதற்காக ஜான் கோல்டிங்காம் கட்டிய விருந்து மண்டபம் அது. அதே மண்டபத்தில் 1938, 1939 ஆண்டுகளில் சென்னை மாகாணச் சட்டப்பேரவை கூடியது. அப்போது ராஜாஜிதான் மாகாணப் பிரதமர். முதலமைச்சர் என்ற பெயர் பிறகுதான் வந்தது.

1952-ல் முதல் பொதுத்தேர்தல் முடிந்ததும், புனித ஜார்ஜ் கோட்டையில் இடம் போதாமல் இதே தோட்டத்தில் பேரவைக்குப் புதிதாக ஒரு மன்றம் கட்டினார்கள். 1956 டிசம்பர் வரை பேரவை அங்கேதான். பிறகு கோட்டைக்கே திரும்பியது. காலியான மன்றம் பாலர் அரங்கம் ஆனது, அப்புறம் கலைவாணர் அரங்கம்.

கோட்டையில் இடம் போதாது என்ற பிரச்சினை தீரவே இல்லை. புனித ஜார்ஜ் கோட்டை இராணுவத்தின் வசமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும் உள்ள இடம். நினைத்தபடி ஒரு சுவரை எடுத்துக் கட்ட முடியாது. இதைக் கருணாநிதி மட்டும் சொல்லவில்லை, ஜெயலலிதாவும் சொன்னார். 2003-ல் ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டுவதாக அவர் அரசு அறிவித்தது. மாணவிகள் கடற்கரைச் சாலையில் இறங்கிப் போராடினார்கள், திட்டம் நின்றது. அதன்பின் கோட்டூர்புரம் என்றார்கள், அதுவும் கைகூடவில்லை. எதிரெதிராக நின்ற இருவருக்கும் தேவை ஒன்றுதான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

2006-ல் ஆட்சி கருணாநிதிக்கு மாறியது. 2008 நவம்பரில் அரசினர் தோட்டத்தில் அடிக்கல். ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைத்தது. பழைய கலைவாணர் அரங்கம், சுதந்திர நாட்டின் முதல் பேரவை உட்கார்ந்த அதே மன்றம், இடிபட்டது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

திறப்பு விழா அன்று உச்சியில் தெரிந்த கோபுரம் உண்மையான கோபுரம் இல்லை. வேலை முடியாததால் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியை அழைத்து, தற்காலிகமாக ஒரு கோபுரம் போட்டு வைத்தார்கள். விழா முடிந்ததும் அதைப் பிரித்துவிட்டு நிஜக் கோபுர வேலை தொடர்ந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் வெகுநேரம் நின்றேன். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருந்தால் முழுக் கட்டடத்தையே திறந்திருக்கலாம். ஏன் பொறுக்கவில்லை? 2011 மே மாதத்துக்குள் தேர்தல் வந்தாக வேண்டும். 1989-லிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் ஆளுங்கட்சி தோற்றுக்கொண்டே இருந்த மாநிலம் இது. கட்டடம் முடிய ஒரு காலம் வேண்டும், ஆட்சிக்கு மிச்சம் ஒரு காலம் இருந்தது, இரண்டும் பொருந்தவில்லை. எண்பத்தைந்து வயதில் ஒரு மனிதர் அடிக்கடி வந்து நின்று வேலையைப் பார்த்த கட்டடம் அது. அவருடைய ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தேதியைக் குறித்தது கொத்தனாரோ என்ஜினியரோ இல்லை, தேர்தல் காலண்டர்.

2011

அந்த மே மாதத்தில் ஜெயலலிதா பதவியேற்றதும் அரசு கோட்டைக்குத் திரும்பியது. புதிய கட்டடத்தின் கட்டுமானம் பற்றி விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைந்தது. ஆகஸ்டில், இது பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை ஆகும் என்று அறிவிப்பு வந்தது.

அது தனி முடிவாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதே வருடத்தில் அடுத்தடுத்து வந்தவற்றைப் பாருங்கள். கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக நவம்பரில் முடிவு. உயர் நீதிமன்றம் தடை போட்டதால் நூலகம் பிழைத்தது. சட்ட மேலவையை மீண்டும் கொண்டுவர 2010-ல் போட்ட தீர்மானம் 2011-ல் வாபஸ். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி நிறுத்திவைப்பு; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட் 9 அன்று பத்து நாளுக்குள் அமல்படுத்தச் சொல்லித் தீர்ப்பு.

சமச்சீர் விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அக்கா மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. ஜூன் போய் ஜூலை போய் ஆகஸ்டும் பாதி ஆகும்வரை கையில் பாடப்புத்தகம் இல்லை. கடைசியில் புத்தகம் வந்தது, சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியபடி. போன ஆட்சியின் அடையாளம் தெரியக்கூடாதாம். அவள் அந்தப் பக்கத்தைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். அடியில் இருந்த எழுத்து மங்கலாகத் தெரியும். "மாமா, இதுல என்ன இருக்கு, பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள். நகத்தால் மெதுவாக உரித்துப் பார்க்க முயன்று, பக்கமே கிழிந்துவிட்டது. பொதுத்தேர்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளை அப்படி உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மாற்றுவது தவறா

முந்தைய ஆட்சி செய்ததை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதற்குத்தான் தேர்தலே. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை மக்கள் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். அரை நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றால், செருப்புத் தைப்பவர் பிள்ளை என்ன ஆகும் என்று கேட்டார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், சில வாரங்களில் அந்தத் திட்டம் போயிற்று. அந்த நாட்களில் பேரவை கூடியது இந்தத் தோட்டத்தில்தான். ராஜாஜியின் அந்த ஆட்சிக்காலம் இரண்டே வருடம். அதில் அவர் பிடிவாதமாக நின்ற திட்டத்தைக் கலைத்தது ஊருக்கு நல்லதாயிற்று.

ஆக, கேள்வி இதுதான்: கலைக்கச் சொன்னது யார்? குலக்கல்வி விஷயத்தில் பெற்றோர்கள் கலைக்கச் சொன்னார்கள். நூலகத்தைக் கலைக்கச் சொல்லி எந்த வாசகர் கேட்டார்? கோட்டையில் இடம் போதாது என்று 2003-ல் சொன்னவருக்கே 2011-ல் கோட்டை எப்படிப் போதுமானது?

ஆனால் மருத்துவமனை என்று வரும்போது என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. 2014 பிப்ரவரியில் திறந்த இந்த இடத்தில் இருதயம், நரம்பு, புற்றுநோய் என்று பெரிய வியாதிகளுக்கு ஏழைகள் வந்து குணமாகிப் போகிறார்கள். 2015-ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. என் அத்தைக்கு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தது இங்கேதான். பக்கத்துக் கட்டிலில் திருவண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெரியவர், எதிர்க் கட்டிலில் வியாசர்பாடிக்கார அம்மா. இவர்களிடம் போய் "இது சட்டசபைக்குக் கட்டியது, இப்படி மாற்றியிருக்கக் கூடாது" என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

எனக்கு உறுத்துவது நடுவில் பூட்டிக் கிடந்த காலம். 2011 மே முதல் 2014 பிப்ரவரி வரை, இரண்டே முக்கால் வருடம். பொதுப் பணத்தில் எழுந்த அவ்வளவு பெரிய கட்டடம் யாருக்கும் பயனில்லாமல் நின்றது. பேரவைக்காகப் போட்ட சுவர்களை உடைத்து ஆபரேஷன் தியேட்டருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாதங்கள் யார் பீரியட்டில் சேரும்? கட்டியவர் கணக்கிலும் வராது, மாற்றியவர் கணக்கிலும் வராது. மக்கள் கணக்கில்தான் வரும்.

இதே ஆஸ்பத்திரியில் நேர்மாறான உதாரணமும் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அத்தையின் காப்பீட்டு அட்டை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கினார்கள். 2012 ஜனவரியில் பெயர் மாறி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று விரிந்தது. 2021-ல் மறுபடி ஆட்சி மாறியபோதும் அந்தப் பெயரோடேயே தொடர்ந்தது. பெயர்ப் பலகையில் சண்டை இருந்தாலும் உள்ளிருக்கும் சரக்கை யாரும் தூக்கி எறியவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கிப் பார்த்தார், நம்பரைத் தட்டினார், "சரிம்மா, அப்ரூவல் வந்துடும்" என்றார். அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

முதலமைச்சருக்கு ஐந்து வருடம் என்று அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. ஐந்து வருடம் பேரவைக்குத்தான், 172-வது பிரிவு. அமைச்சர்கள் ஆளுநர் விரும்பும்வரை பதவி வகிப்பார்கள் என்று 164-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் பேரவையின் நம்பிக்கை இருக்கும்வரை. தமிழ்நாட்டில் 1967 தேர்தலில் அமைந்த பேரவை தொடங்கி 1989-ல் அமைந்தது வரை ஒன்றுகூட முழு ஐந்து வருடம் ஓடவில்லை. 1976-ல் கருணாநிதி ஆட்சி, 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி, 1991 ஜனவரியில் மறுபடி கருணாநிதி ஆட்சி என்று அடுத்தடுத்துக் கலைப்புகள். 1991-ல் ஆளுநர் பர்னாலா பரிந்துரை எழுத மறுத்தும் டெல்லி கலைத்தது. நடுவில் 1988-ல் ஜானகி அம்மையார் முதலமைச்சராக இருந்தது 24 நாள். 1994-ல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர்.பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையைப் பேரவைக்குள்தான் பார்க்க வேண்டும் என்று சொன்ன பிறகே இந்தக் கத்தி கொஞ்சம் மழுங்கியது.

நாளைக்கு இருப்போமா என்று தெரியாத ஒருவர் அவசரப்படுவார். நம் தலைவர்களின் திறப்பு விழா ஆசைக்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நியாயம் என்று சொல்ல வரவில்லை, காரணம்.

பெயருக்கு உரியவர்

அத்தைக்கு இந்தப் பெயரில் ஒரு சொந்தம் உண்டு. "ஓமந்தூர் நம்ம ஊர்லேர்ந்து ஒரு பஸ்தூரம்" என்று நர்ஸிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் 23-ல் பதவியேற்றார், 1949 ஏப்ரலில் விலகினார். இரண்டு வருடமும் சில நாட்களும். சுதந்திரம் வந்தபோது சென்னை மாகாணத்தை ஆண்டவர் அவர். அந்தக் கொஞ்ச காலத்தில் நடந்ததைப் பாருங்கள். 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம்: தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போகும் உரிமை மாகாணம் முழுவதுக்கும். அதே வருடம் தேவதாசி ஒழிப்புச் சட்டம். முத்துலட்சுமி ரெட்டி 1920-களிலிருந்து போராடியதற்குக் கிடைத்த முடிவு. 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம். 1949-ல் பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு வாங்கிப் பொதுவுடைமைக்கு வழி செய்தது. இன்றைக்குப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஒரு குழந்தை யாரிடமும் கேட்காமல் பாரதி பாட்டுப் பாடுகிறது என்றால் அதன் தொடக்கம் அங்கே.

கட்சிக்குள் எதிர்ப்பு வலுத்ததும் விலகினார். வள்ளலார் வழியில் வடலூருக்குப் போய்த் தொண்டில் இறங்கிவிட்டார். 1970-ல் காலமானார். இந்த நான்கையும் பின்னால் வந்த எவரும் கலைக்கவில்லை. காங்கிரஸும் தொடவில்லை, திராவிடக் கட்சிகளும் தொடவில்லை. ஏன்? தேவதாசி ஒழிப்புக்குப் பின்னால் ஒரு தலைமுறைப் போராட்டம் இருந்தது. கோயில் நுழைவுக்குப் பின்னால் வைக்கம் முதல் மதுரை வரை ரத்தமும் சிறையும் இருந்தன. ரெட்டியார் தன் பெயருக்காகப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஊர் கேட்டுக்கொண்டிருந்ததைச் சட்டமாக்கிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அண்ணாவும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர். 1967 மார்ச்சிலிருந்து 1969 பிப்ரவரி 3 வரை, இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை, அதிலும் கடைசி மாதங்கள் நோயோடு. சுயமரியாதைத் திருமணச் சட்டம், தமிழ்நாடு என்ற பெயர், இருமொழிக் கொள்கை என மூன்றைச் செய்தார். இவற்றை மாற்ற நினைக்கும் எவருக்கும் மக்களைப் பற்றிய பயம் வரும், அந்தப் பயம் இருக்கும்வரை ஆள்வது இந்த அண்ணாதுரைதான் என்ற பொருளில் அவர் பேசினார். நோயில் மெலிந்த உடம்போடு ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். தன் பதவிக்காலத்தின் நீளம் அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று தோன்றுகிறது.

தண்ணீர்

ஆறாம் நாள் சாயங்காலம் அத்தை தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க ஊருக்குத் தண்ணி எங்கேர்ந்துதான் வருது?" என்று கேட்டார். பூண்டி, புழல், செம்பரம்பாக்கம், வீராணம், மீஞ்சூர் கடல்நீர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வீராணம் என்றதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அந்தக் குழாயெல்லாம் ரோட்டோரமா எத்தனை வருஷம் கிடந்தது! உள்ள குடித்தனமே பண்ணாங்க." உண்மைதான். 1960-களின் கடைசியில் எடுத்த பழைய வீராணம் திட்டம் ஊழல் புகாரில் சிக்கி நின்றுபோய், பெரிய குழாய்கள் நெடுஞ்சாலை ஓரம் பல வருடம் கிடந்தன. 2004-ல்தான் புதிய வீராணம் திட்டத்தில் தண்ணீர் சென்னைக்கு வந்தது. அது ஜெயலலிதா ஆட்சி.

கிருஷ்ணா நீர்க் கதை இதைவிடப் பெரிது. 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) விட்டுக்கொடுத்தால் சென்னைக்கு 15. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டி வரை 170 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்ட வேண்டும். எம்.ஜி.ஆர். 1987-ல் இறந்தார். ஜானகி, குடியரசுத் தலைவர் ஆட்சி, கருணாநிதி, மறுபடி குடியரசுத் தலைவர் ஆட்சி, ஜெயலலிதா, மீண்டும் கருணாநிதி. ஆந்திரத்திலும் ஆட்சிகள் மாறின. 1996 ஜனவரியில் என்.டி.ஆர். இறந்தார். அதே வருடம் செப்டம்பரில் ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லைக்குள் தண்ணீர் வந்தது. கையெழுத்துப் போட்ட இருவருமே அதைப் பார்க்கவில்லை. ஆனால் நடுவில் வந்த ஒருவரும், இது எம்.ஜி.ஆர். போட்ட ஒப்பந்தம், எனக்கு வேண்டாம் என்று கால்வாயை மூடவில்லை. தாகத்துக்குக் கட்சி பார்க்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதைச் சொன்னதும் அத்தை ஊர் ஏரியைப் பற்றி ஆரம்பித்தார். ஏரிப் பாசனத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் முறை உண்டு. இவ்வளவு நேரம் உனக்கு, அப்புறம் அடுத்த வயலுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு முறை வந்தாலும் மண்வெட்டியோடு போக வேண்டும். "எங்க வீட்டுக்காரரு நேரம் முடிஞ்சதும் நம்ம மடையை அடைச்சு, அடுத்தவங்களுக்குத் திருப்பிவிட்டுட்டுத்தான் வருவாரு. கீழ்வயக்காரனோட எங்களுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. இருந்தாலும் திருப்பிவிடணும். ஒருத்தன் கோவத்துல வாய்க்காலை வெட்டிவிட்டான். அந்த வருஷம் அவன் பயிரும்தான் போச்சு." அத்தை இதை அரசியலாகச் சொல்லவில்லை, தண்ணீர்ப் பேச்சாகத்தான் சொன்னார். நான் தேடிக்கொண்டிருந்த சொல் அவர் வாயிலிருந்து வந்தது: முறை. பதவிக்காலம் என்பது வாய்க்காலில் நம் முறை.

நாங்கள் வந்து இறங்கிய மெட்ரோவும் அப்படி வந்ததுதான். 2009-ல் கருணாநிதி ஆட்சியில் வேலை தொடங்கியது. 2015 ஜூனில் முதல் ரயிலை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். 2019 பிப்ரவரியில் இந்த அரசினர் தோட்டம் நிலையம் திறந்தபோது எடப்பாடி பழனிசாமி முதலமைச்சர். பள்ளிச் சாப்பாடும் அப்படியே. 1956-ல் காமராசர், 1982-ல் சத்துணவாக விரித்த எம்.ஜி.ஆர்., 1989-ல் முட்டை சேர்த்த கருணாநிதி, 2013-ல் கலவை சாதம் கொடுத்த ஜெயலலிதா, 2022-ல் காலைச் சிற்றுண்டி தொடங்கிய ஸ்டாலின். ஒரே தட்டில் ஐந்து பேர்.

வாய்க்காலை வெட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலை. 2009-ல் அடிக்கல், 2012-ல் நிறுத்தம். கூவத்தின் ஓரம் தலையில்லாத தூண்கள் பத்து வருடம் நின்றன. 2022 மே மாதம்தான் ஈரடுக்குச் சாலையாகப் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பத்து வருடமும் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நகரத்துக்குள் ராத்திரி முழுக்க வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே தூங்கினார்கள்.

ராஜாஜி மண்டபத்துப் படிகள்

மருத்துவமனையிலிருந்து சில நிமிட நடையில் ராஜாஜி மண்டபம். அண்ணா, ராஜாஜி, காமராசர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி எல்லோரையும் கடைசியாகக் கிடத்தியது அந்தப் படிகளின் மேல்தான். திட்டங்களைக் கலைத்துக்கொண்டவர்களின் உடல்கள் ஒரே இடத்தில் இருந்து ஊர்வலம் புறப்பட்டன.

2018 ஆகஸ்ட் 8 காலை நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். முதல் நாள் இரவே ஒரு வழக்கு தொடங்கியிருந்தது. கருணாநிதியை மெரினாவில் அடக்கம் செய்ய இடம் கேட்டார்கள். பதவியில் இருக்கும்போது இறந்த முதலமைச்சர்களுக்கே மெரினா, முன்னாள் முதலமைச்சர்களுக்கு கிண்டி என்பது அரசின் வாதங்களில் ஒன்று. காமராசர், ராஜாஜி, பக்தவத்சலம் நினைவிடங்கள் கிண்டியில் இருப்பதைச் சுட்டினார்கள். ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவருக்கு மண் எங்கே என்பதற்கு, இறந்த அன்று நாற்காலியில் இருந்தாரா என்பது கேள்வியாக வந்து நின்றது. பதவிக்காலத்தை நாட்காட்டியால் மட்டும் அளந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. செய்தி மண்டபத்துக்கு வந்து சேர்ந்த நிமிடம் ஸ்டாலின் உடைந்து அழுதார். என் பக்கத்தில் நின்ற ஒருவர், கையில் இரட்டை இலை பச்சை குத்தியிருந்தவர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் இவருக்கு எதிரா முப்பது வருஷம் ஓட்டு போட்டவன்தாங்க" என்றார்.

ஒன்பதாம் நாள் அத்தையை டிஸ்சார்ஜ் செய்தார்கள். போகும் வழியில் அந்த மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வெளியிலிருந்தே காட்டினேன். "எம்ஜிஆரை இங்கதான வச்சிருந்தாங்க. நாங்க லாரியில வந்தோம், உள்ள வரவே முடியல" என்றார். கொஞ்ச நேரம் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பையைத் திறந்து, பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்த டிஸ்சார்ஜ் காகிதங்களைச் சரிபார்த்தார்.

"மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்களே, அப்ப இந்த டாக்டர் மாறிப் போயிட்டா என்ன பண்றது?"

"எல்லாம் இதுல எழுதியிருக்கு அத்தை. என்ன வச்சாங்க, என்ன மாத்திரை, எல்லாம். யார் வந்தாலும் இதைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பாங்க."

அவர் உறையை மடித்துப் பைக்குள் அடியில் வைத்தார். நாங்கள் மெட்ரோ நிலையத்துக்கு நடந்தோம்.